கீழ்ஒட்டிவாக்கத்துச் சுபேதார்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போய், அங்கே மேற்கே திரும்பி வாலாஜாபாத்துக்குப் பிரயாணம் செய்ய விரும்புகிறவர்கள் முதலில் சம்பாதித்துக்கொள்ள வேண்டியது பொறுமை. புத்தம் புதிய மோட்டார் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு ஊர்ந்து போகும் நெடும் லாரிகள் ஒரு பக்கம்; முறை மாறும் தொழிலாளரை ஏற்றி வரும் கம்பெனி பஸ்கள் மறு பக்கம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய்த் தொழிற்சாலை ஓடத் தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் வந்தது. ஏரித் தண்ணீரையும் நெல்லையும் நம்பி வாழ்ந்த சீமை இது என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை ஒரகடம் கூட்டுரோட்டில் நமக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பஸ் கிடைக்கவில்லை. பக்கத்து டீக்கடைப் பலகையில் உட்கார்ந்தோம். அருகில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் டீக் கிளாஸுடன் ஓர் இளைஞன் இருந்தான். வாலாஜாபாத் பக்கத்துப் பையன் என்று பேச்சில் தெரிந்தது.

"தம்பி, கீழ்ஒட்டிவாக்கம் தெரியுமா?" என்று கேட்டோம்.

"தெரியுமே ஐயா! எங்கள் மாமா ஊருக்குப் பக்கந்தான்."

"அந்த ஊர்ச் சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?"

பையன் சற்று யோசித்தான். பிறகு, "மனை விற்கிறவரா ஐயா?" என்றான்.

அவனைக் கோபித்துப் பயனில்லை. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நம்மைப் போன்ற வயது வந்தவர்கள். நாம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு நம் வீட்டுத் திண்ணையிலேயே காரணம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் பாட்டனார் 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியில் சிறை சென்றவர். கதர் தவிர வேறு உடுத்தாதவர். அவருக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பி, அண்ணா சிறையில் இருக்கும்போதே, வீட்டில் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பெங்களூர் போய்ச் சென்னை ஸாப்பர்ஸ் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். மழை பொய்த்து ஏரி வறண்டிருந்த வருஷம். வீட்டில் சம்பாதிக்க ஆளில்லை. யுத்தம் முடிந்து 1946-இல் அவர் திரும்பி வந்தார். நாடு சுதந்திரம் அடைந்தது. சகோதரர்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில், முப்பது வருஷம் ஒற்றுமையாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் சின்னத் தாத்தா யுத்தத்தைப் பற்றி வாய் திறந்தால், பாட்டனார் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்களின் கதை அந்த வீட்டுக்குத் தேவையில்லை என்பது அவருடைய தீர்மானம்.

பாட்டனாரைக் குறை சொல்வதற்கில்லை. 1939 செப்டம்பரில் இந்தியத் தலைவர் ஒருவரையும் கலக்காமல், வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் யுத்தத்தில் இருப்பதாகப் பிரகடனம் செய்துவிட்டார். அதன் பொருட்டே அக்டோபர் இறுதியில் சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. அப்படித் தொடங்கிய யுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து சேர்ந்தவர்களின் தொகை முடிவில் சுமார் 25 லட்சம். கட்டாய ராணுவச் சேவை இங்கே கிடையாது. இவர்களெல்லாம் தாமாகச் சேர்ந்தவர்கள் என்று சர்க்கார் பெருமை பேசியது. பசியும் ஒரு கட்டாயந்தான் என்று சர்க்காருக்கு யார் சொல்வது?

அந்த 25 லட்சத்தில் ஒருவர், அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவில், வாலாஜாபாத் பக்கத்தில் உள்ள கீழ்ஒட்டிவாக்கம் கிராமத்துச் சுப்பிரமணியன்.

அவர் பணி புரிந்ததும் சென்னை ஸாப்பர்ஸ் படைதான். விக்டோரியா மகாராணியின் பெயரைச் சுமந்திருந்த அப்படையின் வம்சாவளி 1780-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கோட்டைச் சுவரைத் தகர்ப்பது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. கொத்தனும் தச்சனும் கொல்லனும் மண்வெட்டி பிடித்துப் பழகிய குடியானவனும் அப்படைக்கு வேண்டியவர்கள். ஏரிக்கரை போட்டுப் பழகிய நம் ஜில்லாக்காரர்களுக்கு அந்த வேலையில் புதுமை ஒன்றுமில்லை. துப்பாக்கி ஒன்றுதான் அதிகம். இப்படை வீரர்களுக்கு மற்றப் பட்டாளத்தார் வைத்த செல்லப் பெயர் 'தம்பி'. எந்தத் தேசத்துக்குப் போனாலும் அந்தத் தமிழ்ச் சொல் அவர்கள் கூடவே போயிற்று.

சுப்பிரமணியன் சுபேதார் பதவி வரையில் உயர்ந்தார். அந்நாளில் கிராமத்து இந்தியன் ஒருவன் படையில் எட்டக்கூடிய உயர்ந்த படிகளுள் ஒன்று அது. இந்தியச் சிப்பாய்கள் சுபேதாருக்குச் சலாம் வைப்பார்கள். ஆனால் பதவி வரிசையில், நேற்றுத்தான் சீமையிலிருந்து கப்பலிறங்கிய வெள்ளைக்கார லெப்டினன்ட் பிள்ளைக்கும் சுபேதார் கீழ்ப்பட்டவரே. பாட்டனார் எழுந்து போனதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

சுப்பிரமணியன் இருந்த பதினோராவது பீல்டு பார்க் கம்பெனி, நான்காவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. எரித்திரியாவின் மலைகளிலும் வட ஆப்பிரிக்காவின் மணலிலும் சண்டையிட்டுப் பெயர் பெற்ற டிவிஷன் அது. 1944 தொடக்கத்தில் அது இத்தாலியில் காஸினோ மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. ரோமாபுரிக்குப் போகும் சாலையை மறித்து நின்ற மலை. அதன் உச்சியில் பழைய கிறிஸ்தவ மடம். பிப்ரவரி 15-ந் தேதி நேச தேசத்து விமானங்கள் அந்த மடத்தை இடித்து நொறுக்கின. அடுத்த சில இரவுகளில் நம்மவர்கள் அந்தச் சரிவில் ஏறி ஏறி மடிந்தார்கள். மலை கிடைக்கவில்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மார்ச் நடுவில் மறுபடியும் தாக்கும் வரையில் சேற்றில் காத்துக் கிடப்பதைத் தவிர வழியில்லை.

காத்துக் கிடந்தது காலாட்படை. ஸாப்பர்களுக்கு ஏது ஓய்வு? காஸினோவுக்குத் தெற்கே, அதே ரோமாபுரிச் சாலையில், மிஞ்ஞானோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. பின்வாங்கிப் போன ஜெர்மானியர் விதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகள் அந்தப் பக்கத்துப் பூமியில் நிறைய இருந்தன. 'விதைத்து' என்றது அலங்காரத்துக்காகச் சொன்னதன்று. சின்னத் தாத்தா எப்போதும் உபயோகிக்கும் சொல் அது.

'எஸ்-மைன்' என்ற ஜெர்மானியக் கண்ணியைப் பற்றி அவர்தாம் நமக்குச் சொன்னார். நாம் அப்போது சிறு பிள்ளை. டப்பா போன்ற ஓர் இரும்புக் குப்பி மண்ணுக்குள் இருக்கும். அதன் தலையில் மூன்று மெல்லிய கம்பிகள் மட்டும் புல் நுனி போல வெளியே தெரியும். மிதித்தால் உடனே வெடிக்காது. சின்னதாக ஒரு சத்தம். பிறகு சுமார் நான்கு விநாடி. அதன்பின் குப்பி தானாக இடுப்பு உயரம் எம்பி, காற்றில் வெடித்து, உள்ளே இருக்கும் முந்நூற்றுக்கு மேற்பட்ட எஃகு ரவைகளை நாற்புறமும் வாரி இறைக்கும். மிதித்தவன் மட்டும் சாவதில் அதற்குத் திருப்தி இல்லை. சுற்றிலும் நிற்கிறவர்களும் வேண்டும். சத்தம் கேட்டதும் மண்ணோடு மண்ணாகக் குப்புறப் படுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு. விஷயம் தெரிந்தவனுக்கு அந்த அவகாசம் போதும்.

சின்னத் தாத்தா பட்டாளத்திலிருந்து வந்த பிறகு, ஆயுள் முழுவதும் உழுத நிலத்தில் கைத்தடியால் தட்டிப் பார்க்காமல் கால் வைத்ததில்லை. ஊரில் சிரிப்பார்கள். நாமும் சிரித்திருக்கிறோம்.

1944 பிப்ரவரி 24-ந் தேதி மிஞ்ஞானோவில் சுபேதார் சுப்பிரமணியன் கண்ணி தேடும் கோஷ்டி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, நீண்ட கழியின் நுனியில் உள்ள தட்டைத் தரையின் மேல் ஆட்டி ஆட்டி, அடிக்கு அடி கேட்டுக்கொண்டே நகரும் வேலை அது. அந்த வரிசையில் ஒருவரின் கால் கண்ணியின் மேல் பட்டுவிட்டது. சின்னச் சத்தம் எழுந்தது.

என்னவென்று சுபேதாருக்குத் தெரியும். நான்கு விநாடி இருக்கிறது என்றும் தெரியும். படுத்திருக்கலாம். அவரும் படுத்தார், ஆனால் கண்ணியின் மேல். வெடித்த வெடியை அவர் உடலே வாங்கிக்கொண்டது. சுற்றி நின்றவர்கள் உயிர் தப்பினார்கள். சுபேதாருக்கு வயது முப்பதை ஒட்டி இருக்கும்.

அவ்வருஷம் ஜூன் இறுதியில் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டதாக லண்டன் கெஜட்டில் அறிவிப்பு வந்தது. எதிரியின் நேர்முகத்தில் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். எதிரி எதிரில் இல்லாதபோது காட்டும் அதற்கு நிகரான வீரத்துக்கு 1940-இல் ஏற்படுத்தியது இந்த வெள்ளிச் சிலுவை. இதைப் பெற்ற முதல் இந்தியப் படைவீரர் என்று சுப்பிரமணியனைக் குறிக்கிறார்கள். இத்தாலியில் மாண்டு தங்கள் சமய வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட இந்தியர்களின் பெயர்களை அங்கே தகன நினைவுச் சின்னங்களில் பொறித்திருக்கிறார்கள். ஸாங்ரோ நதிக்கரை மயானத்தில் இருப்பதில் மட்டும் ஐந்நூறு பெயருக்கு மேல் உண்டு. பாலாற்றங்கரையில் வெந்திருக்க வேண்டிய எலும்புகள்!

வெள்ளைச் சர்க்கார் இத்தகைய பதக்கங்களைப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் தூண்டில் புழுவாகவும் பயன்படுத்திற்று என்பது மெய். ஆகையால் தேசபக்தர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். அதே ஆண்டில் நேதாஜியின் பின்னால் மலாயாத் தோட்டத் தமிழர்கள் அணிவகுத்ததைக் கொண்டாட நமக்குக் கதைகளும் பாட்டுகளும் இருந்தன. மிஞ்ஞானோவில் செத்தவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. சுதந்திரம் வந்த பிறகும் தெரியவில்லை.

நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். சுபேதாரை இத்தாலிக்குக் கொண்டுபோனது சாம்ராஜ்யம். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நான்கு விநாடிக்குள் சாம்ராஜ்யம் எங்கே இருந்தது? அங்கே கட்டளையிட ஒருவரும் இல்லை; கட்டளையிட நேரமும் இல்லை. அவர் கண்ணில் பட்டிருக்கக்கூடியவர்கள் கூட இருந்த சில 'தம்பி'கள் மட்டுமே. திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி, தமக்கு நரகம் வந்தாலும் வரட்டும் என்று ரகசிய மந்திரத்தை ஊரார் எல்லாருக்கும் உரக்கச் சொன்ன ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்காமற் போகாது.

ஒரு நாள் இரவு சின்னத் தாத்தா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது. பாட்டனார் வழக்கம்போல் துண்டை எடுத்தார்; வாசற்படி வரை போனார். 'நாலு விநாடி' என்ற சொல் கேட்டு அங்கேயே நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நாலு எண்ணினார். திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அன்று முழுக் கதையையும் கேட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் முதல் பழையபடி எழுந்து போகத் தொடங்கிவிட்டார். அது வேறு விஷயம்.

டீக்கடையில் இதையெல்லாம் சுருக்கித்தான் சொன்னோம். பையன் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"நாலு விநாடி என்பது எங்கள் வேலையில் நிறைய நேரம் ஐயா. ஒரு போல்ட்டை வைத்து முடுக்கிவிடலாம்" என்றான். சற்றுப் பொறுத்து, "அவரோடு இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்றீர்களே, ஊருக்குத் திரும்பி வந்து என்ன செய்திருப்பார்கள்?" என்று கேட்டான்.

"உழுதிருப்பார்கள், வீடு கட்டியிருப்பார்கள், பிள்ளை குட்டி பெற்றிருப்பார்கள்" என்றோம்.

"அப்படியானால் அந்தப் பேரப் பிள்ளைகள் இங்கேயே எங்காவது ஷிப்டில் இருப்பார்கள்" என்றான். அவனுடைய கம்பெனி பஸ் வந்துவிட்டது. டீக்குக் காசு கொடுக்க எழுந்தவன் நமக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, நாம் தடுப்பதற்குள் சாலையைத் தாண்டி ஓடினான்.