பதியன்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் மாமாவின் கொய்யாத் தோட்டம். பதியன் போடுவதில் கைராசிக்காரர் அவர். கிளையின் பட்டையைச் சீவி, ஈரமண் வைத்துக் கட்டி, வேர் விட்ட பின்பே தாய்மரத்திலிருந்து அறுப்பார்.

2010இல் கட்டுவிரியன் தீண்டி, மூச்சுத் தசைகள் செயலிழந்து, செயற்கைச் சுவாசத்தால் பிழைத்தார். வாரக்கணக்கில் தொண்டைக்குள் கிடந்த குழாயின் பலூன் அழுத்தியதில், மூச்சுக்குழாய்ச் சுவருக்கு இரத்தம் நின்று புண்ணாயிற்று. ஆறிய தழும்பு வழியையே சுருக்கிவிட்டது. சுமார் பதினொரு சென்டிமீட்டர் நீளமுள்ள மூச்சுக்குழாயில் ஏறக்குறையப் பாதிவரை வெட்டி நீக்கி, முனைகளை இணைத்துத் தைக்கலாம். மாமாவுக்கு அதற்கும் மேல் கெட்டிருந்தது. கழுத்தில் துளையிட்டார்கள். அதை விரலால் மூடிக்கொண்டுதான் பேசுவார்.

2011 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களைப் படியவைத்த பிளாஸ்டிக் மூச்சுக்குழாயை அவருக்கே பொருத்தியிருந்தார். மருமக்கள் நாங்கள் அந்தத் துணுக்கை வெட்டி மாமாவுக்கு வாசித்துக் காட்டினோம். அவர் அதைத் தகரப்பெட்டியில் பத்திரப்படுத்தினார். அந்த ஆசையை விதைத்தவர்கள் நாங்களே.

அந்த நோயாளி 2014இல் இறந்தார். அங்கே அவ்வாறு குழாய் பெற்ற மூவருமே பின்னர் மாண்டனர். 2023இல் ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் மக்கியாரினிக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

குழாய் என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. அது உயிருள்ள சுவர். சளியை ஓயாமல் மேலே தள்ளும் நுண்மயிர்கள் கொண்டது. அதற்கு இரத்தம் தரும் நாளங்களோ பலவாய், மிக மெல்லியவையாய்ப் பிரிந்து வருபவை. எடுத்துத் தைக்க ஒரு பெரிய நாளம் இல்லை. 2021இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் மூச்சுக்குழாயை மாற்றியவர்களும், அந்த நாளங்களைக் காப்பதற்கே அரும்பாடுபட்டனர்.

பெல்ஜியத்தின் லூவனில் பியர் டெலரே வேறு வழி கண்டிருந்தார். கொடையாளியின் மூச்சுக்குழாயை முதலில் நோயாளியின் முன்கையில் தோலுக்கடியில் பதித்தார். கையின் இரத்த நாளங்கள் அதில் படர்ந்த பின்பே, அவற்றோடு சேர்த்தெடுத்துக் கழுத்தில் வைத்தார். அவருடைய அறிக்கை 2010இலேயே வெளிவந்தது. எங்கள் கண்ணில் பட்டது பிளாஸ்டிக் மட்டுமே.

பல ஆண்டுகள் கழித்து, தயங்கித் தயங்கி இவ்வளவையும் மாமாவிடம் சொன்னோம். கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டார்.

"வேர் உடாத கெளைய அறுத்து நட்டா காயாம என்ன ஆவும்? கையில வெச்சாரு பாரு, அவருதான் பதியன் போடத் தெரிஞ்சவரு."

எங்கள்மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. துணுக்கு இன்னும் தகரப்பெட்டியில்தான் இருக்கிறது.