ஒன்று புள்ளி நான்கு

96 குழிகள் கொண்ட எலைசா பிளேட்டைக் கழுவிக் கவிழ்த்து, உறிஞ்சுதாளின்மேல் இரண்டு தட்டுத் தட்டி, நிறம் தரும் திரவத்தை விட்டுக் காத்திருக்கையில், எதிர்ப்பொருள் உள்ள குழிகள் மட்டும் மெல்ல நீலம் பாரித்து, அமிலம் விழுந்த கணத்தில் மஞ்சளாக மாறும் காட்சி, இருபது வருஷமாகப் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. அடர்ந்த மஞ்சளும் வெறுந்தண்ணீர் நிறமும் எனக்குத் தொந்தரவு தருவதில்லை. இரண்டுக்கும் நடுவே, சந்தனம் கரைத்த நீர்போல் நிற்கிற குழிதான் சங்கடம்.

ஹெர்பீஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. முதலாவது, பெரும்பாலும் வாயோரத்தில் கொப்புளம் எழுப்புவது. பலருக்குச் சிறுவயதிலேயே வந்துவிடுவது. இரண்டாவது, ஜனனேந்திரியத்தைப் பற்றுவது. முதல் வகையும் அங்கே வருவதுண்டு என்பது வேறு விஷயம். இவ்விரண்டின் புரதங்களும் பெரிதும் ஒத்திருப்பதால், முழு வைரஸிலிருந்து எடுத்த ஆண்டிஜெனைக் கொண்டு செய்த பழைய பரீட்சைகளில், ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பொருள் மற்றதையும் பற்றிக்கொண்டு குழப்பிற்று. கிளைக்கோபுரதம் ஜி என்னும் ஒன்றில்தான் பேதம் தெளிவு. ஆகையால் வகை பிரித்துச் சொல்லும் எலைசா அதையே ஆதாரமாகக் கொள்கிறது. ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருளைத் தேடும் பரீட்சையை யாரும் கேட்காதிருந்தால் நல்லது: அது வகையையும் பிரிக்காது, தொற்று புதிதா பழையதா என்றும் நிச்சயமாகச் சொல்லாது.

குழியின் ஒளி அளவைக் காலிபிரேட்டரின் அளவால் வகுத்து வரும் எண், நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கிட்டில் 1.1-ஐத் தாண்டினால் பாசிட்டிவ். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வுக்கூடத்தில் ரிப்போர்ட்டில் அந்தச் சொல் மட்டுமே அச்சாகும், எண் அச்சாகாது, 1.4 வந்தவனும் 7 வந்தவனும் ஒரே காகிதத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2021 நெறிமுறையோ, இரண்டாம் வகைக்கான பரீட்சையில் 3.0-க்குக் கீழான பாசிட்டிவ் எண்ணை வேறொரு முறையால் ஊர்ஜிதம் செய்யவேண்டும் என்கிறது. கணக்குப் போட்டாலே விஷயம் விளங்கும்: ஆயிரம் பேரில் 50 பேருக்குத்தான் தொற்று என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 95 தடவை சரியாகச் சொல்லும் பரீட்சைகூட, மெய்ப் பாசிட்டிவ் ஏறக்குறைய 48 என்றும், பொய்ப் பாசிட்டிவும் அதே 48 என்றும் கொண்டுவந்து நிறுத்தும்.

ஊர்ஜிதத்துக்குப் பெயர்பெற்றது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வெஸ்டர்ன் பிளாட். வைரஸின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பதித்த பட்டையை ஸீரத்தில் ஊறவைத்தால், ஒற்றை எண்ணுக்குப் பதிலாகக் கோடுகளின் வரிசையே எழும். அதைப் படிக்கத் தேர்ந்த கண் வேண்டும். கோடுகள் மயங்கினால், ஒரு வகைக்கான எதிர்ப்பொருளை ஸீரத்திலிருந்து முதலில் உறிஞ்சி நீக்கிவிட்டு, மிச்சத்தைக் கொண்டு மறுபடி பார்ப்பார்கள். அங்கே இருக்கும் பொறுமை குழியின் நிறத்தை அளக்கும் எங்கள் ரீடருக்கு ஏது?

கல்யாணம் நிச்சயமான ஓர் இளைஞர், 1.4 என்ற எண்ணோடு வந்து, "சார், இருக்கா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க" என்றார். புண் இருந்தால் அதைத் துடைத்தெடுத்துப் பிசிஆர் செய்திருக்கலாம். அவருக்குப் புண்ணே வந்ததில்லை. புதுத் தொற்றாயின் எதிர்ப்பொருள் வளர 12 வாரம்வரை பிடிக்கலாம் என்பதால், அதன்பின் வரச் சொன்னேன். வந்தார். எண் 1.3, புதுத் தொற்றாயின் பெரும்பாலும் ஏறியிருக்கும். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்ற அச்சின் அருகே இரண்டு தேதிகளையும் இரண்டு எண்களையும் பேனாவால் எழுதி, ஊர்ஜிதமாகவில்லை என்று கையெழுத்திட்டு, அவருடைய டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கொடுத்தேன்.