ஆறு புள்ளி எட்டு

2019 நவம்பர் முதல் தேதி இரவு, 'டெத் ஸ்ட்ராண்டிங்' என்ற வீடியோ விளையாட்டைப் பற்றிய மதிப்புரைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டிருந்தோம். விளையாட்டு வெளியாக இன்னும் ஒரு வாரம் இருந்தது. மதிப்புரைகளின் மீது இருந்த தடை அன்றுதான் நீங்கியிருந்தது. ஐஜிஎன் தளம் பத்துக்கு 6.8 அளித்திருந்தது. ஜப்பானின் 'ஃபமிட்சு' இதழிலோ நான்கு விமர்சகர்களும் ஆளுக்குப் பத்து என நாற்பதுக்கு நாற்பது. இத்தகைய எண்களைத் திரட்டிச் சராசரி காணும் மெட்டாக்ரிடிக் தளத்தின் கணக்கு பின்னர் 82இல் வந்து நின்றது.

82 மோசமான எண் அல்ல. பள்ளியில் வாங்கியிருந்தால் வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள். ஆனால் பந்தியில் ஒருவர் பாயசம் திகட்டுகிறது என்றும், பக்கத்து இலைக்காரர் இதுபோல் உண்டதில்லை என்றும் சொல்ல, இரண்டையும் கூட்டி வகுத்து 'சுமாரான இனிப்பு' என்று சமையற்காரரிடம் போய்ச் சொன்னால் அதற்கு என்ன பொருள்? அந்த 82ஐ உண்மையில் உணர்ந்த விமர்சகர் எவரேனும் இருந்தாரா என்பதே எங்கள் ஐயம்.

நாங்கள் மூவர். ஒரே வாடகை வீடு, ஒரே ப்ளேஸ்டேஷன். ஒரு புதிய விளையாட்டின் விலைக்குப் பத்துப் பதினைந்து நாவல்கள் வாங்கிவிடலாம் என்பதால், பங்கு போட்டு, வாக்கெடுத்தே வாங்குவது வழக்கம். எங்களில் இந்த விளையாட்டை மிகவும் விரும்பியவர் மருந்து விநியோகத் தொழிலில் இருந்த நண்பர். 'மெட்டல் கியர்' வரிசையைப் படைத்த ஹிடியோ கோஜிமாவின் பரம ரசிகர் அவர். 2015இல் கொனாமி நிறுவனத்தை விட்டு வெளியேறிய கோஜிமா, சொந்தமாகத் தொடங்கிய நிறுவனத்திலிருந்து கொண்டுவரும் முதல் படைப்பு இது. மற்ற இருவரும் 6.8ஐக் காட்டினோம். விலை குறையட்டும், பொறுப்போம் என்று தீர்மானம் நிறைவேறியது. ஐஜிஎன் மதிப்புரையின் சாரம், கற்பனை உலகம் ஈர்க்கிறது, அந்தப் பாரத்தைத் தாங்கும் வலு ஆட்டத்துக்கு இல்லை என்பது. அதை நாங்கள் கவனமாகப் படிக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். எண்ணைப் பார்த்தோம், அவ்வளவுதான்.

விமர்சகர்களை ஐயுறுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 2007இல் 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற விளையாட்டுக்குக் குறைந்த மதிப்பெண் அளித்த ஜெஃப் கெர்ஸ்ட்மன், அதே விளையாட்டின் விளம்பரங்கள் நிறைந்திருந்த கேம்ஸ்பாட் தளத்திலிருந்து நீக்கப்பட்டார். நடந்ததை அவர் வெளிப்படையாகப் பேச 2012 வரை ஆயிற்று. 'டெத் ஸ்ட்ராண்டிங்'கிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவை நடத்தும் ஜெஃப் கீலி இதில் ஒரு பாத்திரமாக வருகிறார். 2019இல் அந்த விழாவில் சிறந்த இயக்கத்துக்கான விருது இதற்கே போயிற்று. தேர்ந்தெடுத்தது நடுவர் குழு, கீலி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முன்னுரை எழுதியவரே பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் காட்சி நம் இலக்கிய வாசகர்களுக்குப் புதிதன்று என்பதால் இதை நீட்டவில்லை.

ஆனால் விலைபோவது, சலுகை காட்டுவது என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால், ஒரே படைப்பை ஒருவர் 6.8 என்றும் இன்னொருவர் பத்து என்றும் நேர்மையாகவே சொல்ல முடியும் என்பது விளங்காமலே போகும். அது எங்களுக்கு விளங்கியது 2020 ஏப்ரலில்.

மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியது. இருவர் வீட்டில் அடைபட்டோம். ப்ளேஸ்டேஷனின் இணையக் கடையிலேயே பணம் கட்டி விளையாட்டை இறக்கிக்கொண்டோம். கதை இது: பேரழிவுக்குப் பின் அமெரிக்காவில் மக்கள் நிலத்தடிப் புகலிடங்களில் ஒருவரையொருவர் காணாமல் வாழ்கிறார்கள். சாம் என்ற சுமைகாரன் (நார்மன் ரீடஸ்) பொதிகளை முதுகில் அடுக்கிக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நடக்கிறான். மழை பட்ட பொருளெல்லாம் முதுமையடைந்து இற்றுப்போகிறது. பாசி படர்ந்த கரும்பாறை நிலம். சுமை இடப்பக்கம் சாய்ந்தால் ஒரு விசை, வலப்பக்கம் சாய்ந்தால் இன்னொரு விசை. இரண்டையும் அழுத்திப் பிடித்தால் சாம் தோள்பட்டைகளைப் பற்றிக்கொண்டு நிதானமாக நடப்பான். தடுக்கினால் பொதிகள் சரிவில் உருண்டோடும். ஆட்டத்தின் பெரும்பகுதி இதுதான்.

கோபோ ஆபேயின் 'கயிறு' என்ற சிறுகதையைக் கோஜிமா தம் நேர்காணல்களில் குறிப்பிட்டிருக்கிறார். தடியும் கயிறும் மனிதனின் ஆதிக் கருவிகள்; தீயதை விலக்கத் தடி, நல்லதை அருகில் இருத்திக்கொள்ளக் கயிறு. மற்ற விளையாட்டுகள் தடியைக் கையில் கொடுக்கின்றன, தாம் கயிற்றைக் கொடுக்க விரும்பியதாக அவர் சொன்னார். நேர்காணலில் படித்தபோது சற்றுப் பகட்டாகத் தோன்றிய கருத்து. ஆடும்போது அப்படித் தோன்றவில்லை. முதன்முறை ஒரு நிலப்பகுதியைக் கடக்கையில் நாம் தனியே நடக்கிறோம். அங்குள்ள புகலிடத்தைத் தகவல் வலையில் இணைத்தபின், உலகின் வேறெங்கோ ஆடிக்கொண்டிருப்பவர்கள் விட்டுச்சென்ற ஏணிகளும் கயிறுகளும் பாலங்களும் நம் நிலத்தில் முளைக்கின்றன. அவர்களை நாம் ஒருபோதும் காண்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு, பள்ளத்தாக்கின் விளிம்பில் கையில் ஏணி ஏதுமின்றி நின்றபோது, முகமறியாத எவரோ வைத்துப்போன ஏணி குறுக்கே கிடந்தது. சிரிக்க மாட்டீர்களானால் சொல்கிறோம்: கண் கலங்கியது.

வெளியீட்டுக்கு முன் அவசர அவசரமாக ஆடி முடித்த விமர்சகருக்கு இந்த ஏணி எந்த அளவுக்குக் கிடைத்திருக்கும்? அந்த நாட்களில் ஏணி வைக்க அங்கே ஆட்கள் சிலரே. நாற்பது ஐம்பது மணி நேரம் பிடிக்கும் நடையைச் சில நாட்களில் நடந்து, தடை நீங்கும் நேரத்துக்குள் கட்டுரையும் கொடுக்க வேண்டும். தடிமனான நாவலை ரயில் புறப்படும் முன் படித்து முடிக்கச் சொல்வது போன்றது அது. விமர்சகர் தவறிவிட்டார், நாங்களே கண்டுகொண்டோம் என்று இரண்டு வாரம் இறுமாந்திருந்தோம்.

மருந்து நண்பருக்கு ஊரடங்கில் விடுமுறை இல்லை. காலை ஏழுக்கு அனுமதிச் சீட்டுடன் வண்டியை எடுத்தால், வெறிச்சோடிய சாலைகளில் கடை கடையாகப் பெட்டிகளை இறக்கிவிட்டு இருட்டியபின் வருவார். வாசலிலேயே உடைகளை வாளியில் போட்டுக் குளித்துவிட்டு வந்து கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் வாங்குவார். மூன்றாம் அத்தியாயத்தின் நடுவே ஒரு நாள், சரிவில் பொதிகள் உருண்டதும், கருவியைக் கீழே வைத்தார்.

"பகல்லாம் இதைத்தானடா செஞ்சுட்டு வரேன். ராத்திரியும் சுமக்கணுமா?"

பொறுமையற்ற மனிதர் அல்லர் அவர். தடித்த நாவல்களை இரண்டாம் முறை படிப்பவர். இருந்தும் அதன்பின் அதைத் தொடவேயில்லை. நாங்கள் இருவரும் சுமைகாரனின் நடையில் விடுதலையைக் கண்டது, நாங்கள் சுமக்காமல் இருந்ததால்தான் என்று அன்றிரவு எங்களுக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு அந்த மதிப்புரைகளை, எண்களைப் பொருட்படுத்தாமல், மறுபடி படித்தோம். புகழ்ந்தவரும் இகழ்ந்தவரும் ஏறத்தாழ ஒரே விவரங்களைத்தான் எழுதியிருந்தார்கள். நடை, சுமை, மெதுவான தொடக்கம், நெடிய வசனக் காட்சிகள். ஒருவர் எதனால் சோர்ந்தாரோ அதிலேதான் மற்றவர் லயித்திருந்தார். 6.8 தந்தவர் எங்கள் நண்பரின் மனதைப் படித்தவர்போல் எழுதியிருந்தார். அப்படியானால் வாக்கெடுப்பில் அவர் தோற்றது அவருக்கு நல்லதாயிற்று. அவருக்காக நம்பியிருக்க வேண்டிய மதிப்புரையை நாங்கள் எங்களுக்காக நம்பியிருந்தோம்.

க.நா.சு. பட்டியல் போடுகிறார் என்று அந்நாளில் குறைப்பட்டார்கள். பட்டியலாவது ஒரு மனிதரின் ருசி. தொடர்ந்து படித்தால் அவர் எங்கே வழுக்குவார் என்பது நமக்குப் பழகிவிடும். சராசரிக்கு ருசியும் இல்லை, வழுக்கலும் இல்லை. இப்போதெல்லாம் நாங்கள் விமர்சகரின் பெயரைப் பார்க்கிறோம். எதைக் கண்டு சலித்தார் என்று சொல்லத் தெரிந்தவரின் எதிர்மறை மதிப்புரை, காரணமற்ற பத்தைவிட எங்களுக்கு உதவுகிறது.

2025 ஜூன் 26இல் இரண்டாம் பாகம் வெளியானது. முதல் பாகத்தைவிட மதிப்பெண்கள் கூடுதல். வெள்ளோட்டம் பார்த்தவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனதைக் கண்டு கோஜிமா கவலையுற்றுச் சிலவற்றை மாற்றினார் என்று இசையமைப்பாளர் வுட்கிட் ஒரு நேர்காணலில் சொல்லியிருந்தார். அந்த வீட்டைக் காலி செய்து நெடுநாளாகிவிட்டது. நண்பர் இப்போது வேறு ஊரில். தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். மதிப்பெண்ணை அவர் கேட்கவில்லை.

"இதுலயும் சுமக்கணுமா?"

"ஆமாம். ஆனா இதுல ஆரம்பத்துலயே வண்டி கிடைக்குதாம்."

சற்று யோசித்தார். "நீங்களே ஆடுங்கடா. முடிச்சதும் கதையை மட்டும் சொல்லுங்க."