குட்டிச்சாத்தான் பெரணியும் உழவனின் நண்பனும்

மண்புழு உழவனின் நண்பன் என்ற பள்ளிப் பாடத்தோடு தாவரவியலுக்குள் நுழைந்தவர்களுக்கு, அமெரிக்காவின் மின்னசோட்டா காடுகளின் கதை சற்றுச் சங்கடமானது. அங்கே ஐரோப்பாவிலிருந்து வந்த மண்புழுக்கள் ஒரு சிறு பெரணியை இல்லாமல் ஆக்கிக்கொண்டிருக்கின்றன.

அப்பெரணியின் அறிவியற்பெயர் பொட்ரிக்கியம் மார்மோ. 1981-இல் அதற்கு அப்பெயரை இட்டவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வாக்னர். மார்மோ என்பது பண்டைக் கிரேக்கத்தில் அடங்காத பிள்ளைகளை அச்சுறுத்தக் காட்டிய பூச்சாண்டி. ஆங்கிலப் பேச்சுவழக்கிலும் அது குட்டிச்சாத்தான் பெரணிதான். பெயர் பொருத்தமே. செடி முழுவதும் விரல் நீளத்தைத் தாண்டுவது அரிது. நிறம் மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களில், சர்க்கரை மேப்பிள் மரங்களின் நிழலில், உதிர்ந்த இலைகள் மட்கிக் கிடக்கும் மெத்தைக்குள் அது வாழ்கிறது. பல செடிகள் அம்மெத்தைக்கு மேல் தலைநீட்டுவதே இல்லை. வெயிலைக் காட்டிலும், வேரோடு உறவு கொண்ட பூஞ்சையையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. சில ஆண்டுகளில் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே அதைக் கணக்கெடுப்பது பெரும் சோதனை: மண்டியிட்டுச் சருகுகளை விரலால் விலக்கித் தேட வேண்டும், தேடியும் கிடைக்கவில்லை என்றால், செடி அழிந்ததா உறங்குகிறதா என்று அந்த ஓராண்டைக் கொண்டு சொல்லவும் இயலாது.

பனியுகத்தில் பனிப்பாளங்கள் மூடிக் கிடந்த அந்நிலத்தில் மண்புழுவே இல்லை. பனி விலகிய பின் எழுந்த காடும் பல்லாயிரம் ஆண்டுகள் புழுவின்றியே வளர்ந்தது. சருகுகளைப் பூஞ்சைகள் மெல்லச் சிதைத்ததால்தான் அந்த மெத்தை தடித்தது. பின்னர், குடியேறிகள் கொண்டுவந்த செடிகளின் வேர்மண்ணிலும் கப்பல்களில் பாரத்துக்கு ஏற்றிய மண்ணிலும் புழுக்கள் வந்திறங்கின. ஏரிக்கரைகளில் தூண்டில் போடுவோர் மிஞ்சிய இரையைக் கொட்டிச் சென்றனர். நமது வயலில் வரமாகும் அதே பசி, அங்கே மெத்தையைத் தின்று தீர்த்துவிடுகிறது.

சிப்பெவா தேசியக் காட்டில் மைக்கேல் குண்டேல் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. இப்பெரணி மறைந்துபோன இடங்களை, லம்ப்ரிகஸ் ருபெல்லஸ் என்னும் மண்புழுவின் இருப்போடும் மெலிந்துபோன மட்கடுக்கோடும் அது தொடர்புபடுத்தியது.

புழு தானாக ஆண்டுக்குச் சில மீட்டரே பரவும். காடு விட்டுக் காடு அதனைக் கடத்துபவை வாகனச் சக்கரங்களும் இரை டப்பாக்களும்தாம். புகுந்துவிட்ட காட்டிலிருந்து அதனை வெளியேற்ற வழியில்லை. அதனால் அங்கு மீன்பிடிக்க வருவோரிடம், மிஞ்சிய புழுக்களைக் கரையில் கொட்டாமல் குப்பைத்தொட்டியில் போடுமாறு கேட்டுக்கொள்கிறார்கள்.