எழுதும் கைக்கு ஏற்ற பேனை

நம் வீடுகளில் அதிகம் எழுதுபவர் யார் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா? கடைக் கணக்கு, சீட்டுக் காசு, பிள்ளைக்கு மருந்து கொடுத்த நேரம், யாருக்கு எவ்வளவு கைமாற்றுக் கொடுத்தோம் என்பது வரை எல்லாம் பெரும்பாலும் நம் கையால்தான் எழுதப்படுகின்றன. கைத்தொலைபேசி வந்த பின்னும் சமையலறை அலுமாரியில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்தப் பேனையால் எழுதுகிறோம் என்பதை மட்டும் நாம் யோசிப்பதில்லை. கையில் அகப்பட்டதை எடுத்து எழுதிவிடுகிறோம்.

என்னை யோசிக்க வைத்தது என் பெருவிரல் மூட்டு. இரண்டு வருடமாக அதில் நோவு. அரைப் பக்கம் எழுதினால் விரல் விறைத்துவிடும். இனி எழுதுவதையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் மகள் புத்தகசாலையில் மெல்லிய முனையுள்ள திரவ மைப் பேனை ஒன்றை வாங்கி வந்து, "உம்மா, இதால எழுதிப் பாருங்க, அமத்தத் தேவல்ல" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1938இல் ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ காப்புரிமை பெற்ற குமிழ்முனைப் பேனையில் இருப்பது எண்ணெய் கலந்த தடித்த மை. முனையிலுள்ள சிறு குண்டை அழுத்தி உருட்டினால்தான் அது தாளில் ஒட்டும். திரவ மைப் பேனையிலும் குண்டுதான் உருள்கிறது. ஆனால் மை தண்ணீர் போன்றது. முனை தாளைத் தொட்டதும் தானாக இறங்கும். விரலுக்கு வேலை குறைவு. இப்போது நான் இரண்டு பக்கம் எழுதியும் கை தாங்குகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

மெல்லிய முனையின் அருமை தமிழ் எழுத்தில் நன்றாகத் தெரியும். மொத்தமான முனையால் சிறிதாக எழுதினால் 'ண'வின் சுழிகள் அடைபட்டு 'ன' போலாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி மேல் வரியோடு ஒட்டிவிடும். பேனையில் 0.5 மி.மீ. என்று போட்டிருந்தால் அது குண்டின் அளவு. விழும் கோடு அதைவிட மெல்லியது. கணக்குக் கொப்பியின் ஒடுங்கிய கட்டங்களில் இலக்கங்கள் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கின்றன.

இனிக் குறைகளைப் பார்ப்போம். முதலாவது, மை காய ஒரு நொடி வேண்டும். தமிழை வலக்கையால் எழுதும்போது கை எழுதாத பக்கமாக நகர்வதால் தொல்லையில்லை. அறபு எழுதும்போது எழுதிய ஈரத்தின் மேலேயே கை வரும். குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் என் சின்ன மகனின் கொப்பி முழுக்கக் கரி பூசியது போலிருந்தது. கையை வரிக்குக் கீழே வைத்து எழுதப் பழக்கினேன். இடக்கையால் எழுதும் பிள்ளைக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இதே சிக்கல் வரும்.

இரண்டாவது, தாள். மலிவான கொப்பித் தாளில் மை ஊறிப் பரவும், மறுபக்கமும் தெரியும். மூன்றாவது, காபன் தாள் வைத்து எழுதும் பற்றுச்சீட்டுக்கு இது உதவாது. அழுத்தம் இல்லாததால் அடித்தாளில் எதுவும் பதியாது. அதற்குப் பழைய குமிழ்முனைப் பேனைதான் சரி. இதை மூடி போடாமல் சட்டைப்பையில் வைத்தால் பாடசாலை வெள்ளைச் சட்டை போனதுதான். விமானப் பயணத்திலும் கவனம் வேண்டும். காற்றழுத்தம் மாறும்போது மை கசியலாம். முனை மேலே இருக்கும்படி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகப் பார்த்தது மை நிலைக்குமா என்பதை. அதற்கும் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்து வீட்டின் இடிபாடுகளிலிருந்து என் உம்மாவின் கொப்பி ஒன்றை எடுத்தோம். நாங்கள் பிறந்த நேரங்கள், வாப்பா பட்ட கடன்கள், திருப்பிக் கொடுத்த திகதிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. குமிழ்முனைப் பேனையால் எழுதிய பக்கங்களைக் காயவைத்து வாசித்தோம். ஊற்றுப் பேனையால் எழுதிய பக்கங்களில் நீலக் கறை மட்டுமே மிஞ்சியது. என் மூத்த நானா பிறந்த நேரம் அந்தக் கறைக்குள் போய்விட்டது. கடனை எழுதி வைத்துக்கொள்ளும்படி ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குச் சொல்கிறது. எழுதியது அழிந்துபோனால் எழுதியதன் பயன் என்ன?

ஆகவே மூன்று பேனைகளால் ஒரே தாளில் எழுதி, இரவு முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரத்தில் ஊறவிட்டேன். காலையில் குமிழ்முனைப் பேனையின் எழுத்து அப்படியே இருந்தது. ஒரு திரவ மைப் பேனையின் எழுத்து கரைந்து தண்ணீர் நீலமாகியிருந்தது. மற்றத் திரவ மைப் பேனையின் எழுத்து அசையவில்லை. முதலாவதில் இருந்தது தண்ணீரில் கரையும் சாய மை. மற்றதில் இருந்தது நிறமி மை. நிறமி என்பது கரையாத நுண்ணிய துகள். தண்ணீர் வற்றியதும் அது தாளின் நாரில் பிடித்துக்கொள்ளும். வெயிலிலும் சாயத்தைவிட நாள் நிற்கும். ஆனால் துணியில் பட்டால் அதைப் போக்குவதும் கஷ்டம் என்பதை மறக்க வேண்டாம்.

சகோதரிகளே, இந்தப் பேனையின் விலைக்குச் சாதாரணப் பேனைகள் பல வாங்கலாம். மையும் சீக்கிரம் முடியும். எனவே வீட்டில் எல்லோருக்கும் இது தேவையில்லை. விரல் நோவுள்ளவருக்கும் நிறைய எழுதுபவருக்கும் ஒன்று வாங்குங்கள். வாங்குமுன் உறையில் நிறமி மை, தண்ணீரில் அழியாது என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லாவிட்டால் வீட்டில் ஒரு வரி எழுதி, காயவிட்டு, தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அதில் தேறிய பேனையால் மட்டும் பிள்ளைகளின் பிறந்த நேரத்தையும் கொடுக்கல் வாங்கலையும் எழுதுங்கள். மற்றவற்றுக்கு மேசையில் கிடக்கும் பேனையே போதும்.