குப்புறப் படுக்க வைத்தோம்

கார்த்திகை, திங்கள் இரவு

நிலையூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர். நாலு நாள் காய்ச்சலுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். "அப்பா நல்லாத்தான் பேசுறாரு சிஸ்டர்" என்றாள் மகள். பேசினார்தான், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. விலா இடுக்கில் தோல் உள்ளே இழுத்தது. நிமிடத்துக்கு 38 மூச்சு, ரத்த ஆக்சிஜன் சாச்சுரேஷன் 82. பெரியவர்களுக்கு மூச்சு 30 வந்தாலே அபாயம். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் ஆக்சிஜன். ரத்தம் கல்ச்சருக்கு எடுத்த கையோடு ஆன்டிபயாடிக் ஏற்றினோம்.

செவ்வாய்

மூக்குவழி ஹைஃப்ளோ, நிமிடத்துக்கு 60 லிட்டர். தீவிர நிமோனியா என்பதால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஸ்டீராய்டும் தொடங்கியாயிற்று. 2023-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், தீவிர நிமோனியாவுக்கு இதைக் கொடுத்ததில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 11.9 சதவீதத்திலிருந்து 6.2 ஆகக் குறைந்தார்கள். இன்ஃப்ளூயன்சா நோயாளிகளை அதில் சேர்க்கவில்லை; அதனால் ஃப்ளூ இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

சாயங்காலம் களைத்துவிட்டார். தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்க வேண்டும் என்றதும் மகள், "போட்டா திரும்ப வரமாட்டாங்கன்னு சொல்றாங்களே" என்று அழுதாள். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25-இல் எங்கள் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில்தான். அந்தக் காலத்துப் பயம் இன்னும் தெருவில் இருக்கிறது. ஆனால் நெஞ்சுத்தசை ஓய்ந்துபோகும்வரை காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. பொறுமையாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டாள்.

வியாழன்

வென்டிலேட்டரில் 90 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் போதவில்லை. குப்புறப் படுக்க வைக்க முடிவு. மல்லாந்து கிடந்தால் நுரையீரலின் முதுகுப்பக்கம் அமுங்கிக் கிடக்கும். குப்புறப் போட்டால் அது விரியும். ரத்தம் அங்கே ஏராளமாக ஓடுவதால் ஆக்சிஜன் ஏறும். 2013-இல் வந்த ஆய்வில், ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது இப்படிப் படுக்க வைத்ததில் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆனது. புது மெஷின் எதுவும் வேண்டாம், கைகள்தான் வேண்டும்.

தலைமாட்டில் டாக்டர் குழாயைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக்கு இருவர். கண்ணுக்குக் களிம்பு தடவி இமையை ஒட்டினேன். நெஞ்சிலிருந்த ஈசிஜி ஸ்டிக்கர்களை முதுகுக்கு மாற்றி, மார்புக்கும் இடுப்புக்கும் தலையணை கொடுத்து, வயிறு அமுங்காமல் புரட்டினோம். காது மடங்கியிருந்தது; விரலால் நிமிர்த்திவிட்டேன். ஒரு மணி நேரத்தில் சாச்சுரேஷன் 86-லிருந்து 93.

சனி

மல்லாத்தியாயிற்று. ஆக்சிஜன் 50 சதவீதம் போதுமானதாக இருக்கிறது. நாளைக் காலை மயக்க மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நைட் டியூட்டிக்கு இன்னொரு ஆள் கேட்டிருக்கிறேன். மறுபடி புரட்ட வேண்டி வந்தால் நாலு பேர் பத்தாது.