கடுக்கிறதா, குத்துகிறதா?



சிங்கப்பூரில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கென, பராமரிப்புச் சேவையுடன் கூடிய வீவக வீடுகள் 2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. அவசர உதவிக்கு அழைத்தால் இரவு பகல் எந்நேரமும் கவனிக்க ஆள் உண்டு. மகிழ்ச்சியே. ஆயினும், அழைப்பவரின் மொழி வருபவருக்கு விளங்குமா?

நான் மாணவர்களோடு சென்றுவரும் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் பலர் மியன்மாரிலிருந்தும் பிலிப்பீன்சிலிருந்தும் வந்தவர்கள். முதியவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். 'தண்ணி', 'பசி', 'வலி', 'இல்லை' போன்ற சொற்களைக் கற்றும் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் பாட்டி ஒருவர் முழங்காலைத் தடவியபடி, "வலி இல்லம்மா, கடுக்குது" என்றார். பராமரிப்பாளர், வலி இல்லை என்று குறித்துக்கொண்டார். அருகிலிருந்த என் மாணவிக்கும் 'கடுக்குது' விளங்கவில்லை. தமிழில் நல்ல மதிப்பெண் பெறும் பிள்ளை அவள்.

நான் விளக்கியதும் குறிப்பு திருத்தப்பட்டது. அடுத்த வாரம் மாணவர்கள் முதியவர்களிடமே கேட்டுக் கடுப்பு, குத்தல், எரிச்சல், உளைச்சல், மரத்துப்போதல் எனப் பட்டியலிட்டு, ஆங்கிலப் பொருளுடன் பராமரிப்பாளர்களிடம் கொடுத்தார்கள்.

மறதிநோய் முற்றும்போது, பின்னாளில் கற்ற மொழி நழுவித் தாய்மொழி மட்டும் எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. அப்போது அவர்களுக்காகப் பேச யார் இருப்பார்கள்? தேர்வுத்தாளில் இச்சொற்கள் வராமல் போகலாம். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், எங்கே வலிக்கிறது என்பதோடு எப்படி வலிக்கிறது என்றும் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.